உமது ஊர் எது?

உத்தியோகப் பேட்டிக்குப் போகிற பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதைவிடச் சுலபமானது வேறில்லை என்று நேயர்கள் நினைக்கலாம். வாஸ்தவத்தில், நமது பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் அநேகர் தடுமாறி விழுவது இந்த இடத்திலேதான்.

“எந்த ஊர்?”

“அரியலூர், ஸார்.”

“அங்கே என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒன்றும் இல்லை, ஸார். சிமெண்டு ஆலைகள் இருக்கின்றன. மற்றபடி பின்தங்கிய பிரதேசம்.”

கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பையனும் சரியாகத்தான் சொல்லிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு வெளியே வருகிறான். எழுத்துப் பரீட்சைக்காக இரண்டு வருஷம் கண் விழித்துப் படித்தவன், தகப்பனார் அடகு வைத்த நகையில் புத்தகம் வாங்கியவன், தன் சொந்த மண்ணை மூன்று வாக்கியத்தில் கைகழுவிவிட்டான் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சிமெண்டு ஆலைகள் அரியலூருக்கு ஏன் வந்தன என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதுமே! இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சங்கும் சிப்பியும் நுண்ணிய ஜீவராசிகளும் மடிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாக இறுகின. அந்தக் கல்லோடு களிமண்ணைச் சேர்த்து அரைத்து, 1,450 டிகிரி அளவு உஷ்ணத்தில் சுட்டு, வருகிற கட்டியோடு ஜிப்ஸம் கலந்து பொடி செய்தால் அதுதான் சிமெண்டு. இன்றைக்கும் சுரங்கக் குழிகளில் கடல் ஜந்துக்களின் கல்லுருவங்கள் அகப்படுகின்றன. பூகர்ப்ப சாஸ்திரப் புத்தகங்களில் இந்தப் பாறை அடுக்குக்கே அரியலூர் என்று பெயர். பக்கத்துப் பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூரிலே 18 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ஆம் வருஷம் அதை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பின்தங்கிய பிரதேசமாம்!

இன்னும் கேளுங்கள். ராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்த கங்கைகொண்டசோழபுரம் இந்த அரியலூர் ஜில்லாவில்தான் இருக்கிறது. 2004-இல் அதன் ஆலயத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களோடு சேர்த்தார்கள். கரைவெட்டி ஏரியின் பறவைகள் சரணாலயத்துக்கு 2024 ஜனவரியில் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பையனானால், சின்ன வெங்காயத்தையும் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் பற்றிச் சொல்லலாம். வெங்காயத்தை ஏன் பட்டறை போட்டுக் காப்பாற்றுகிறார்கள், விலை ஏறும் மாதத்தில் நம் குடியானவன் கையில் ஏன் சரக்கு இருப்பதில்லை என்று அவன் வீட்டிலேயே தினமும் பேச்சு நடக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதருக்கு அந்த விவரம் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இருக்கும்.

அரியலூர் என்றதும் வயதான அங்கத்தினர் ஒருவருக்கு வேறொரு ஞாபகம் வரக்கூடும். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில், வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை ராஜிநாமாச் செய்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னால், மெகபூப்நகர் விபத்தின்போதே அவர் ராஜிநாமாக் கொடுக்க முன்வந்ததும், நேருஜி அப்போது அதை ஏற்க மறுத்ததும் சரித்திரம். “பாலம் உடைந்ததற்கு மந்திரி ஏன் பொறுப்பேற்க வேண்டும்?” என்று ஒரு கேள்வி பிறந்தால், அதற்கு விடை புத்தகத்தில் இல்லை. பையன் தானே யோசித்துத்தான் சொல்லவேண்டும். பேட்டி என்பது இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

இதற்காக மேலே எழுதியதையெல்லாம் உருப்போட்டு ஒப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து வேண்டாம். மனப்பாடக் குரல் வேறு, தெரிந்தவன் குரல் வேறு. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தல் கேட்ட காது எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு சாத்தனூருக்குப் போய் அந்தக் கல்மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால், பிறகு அது தானாக வாயில் வரும்.

பேட்டிக்கு இவ்வளவு முக்கியத்துவம் உண்டா என்று கேட்கலாம். முன்னைப்போல் எல்லா உத்தியோகத்துக்கும் இப்போது பேட்டி இல்லை. மத்திய சர்க்காரில் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாடு தேர்வாணையம் குரூப் 2 பதவிகளுக்கு 2024-இல் கைவிட்டது. சிபாரிசுக்கும் கைக்கூலிக்கும் ஒரு வாசல் அடைபட்டது என்ற வகையில் இது நல்ல காரியம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் குரூப் 1-இல் இன்றும் எழுத்துக்கு 750, நேர்முகத்துக்கு 100 மதிப்பெண். டில்லி யூ.பி.எஸ்.சி.யின் ஸிவில் ஸர்வீஸ் தேர்வில் எழுத்துக்கு 1,750, நேர்முகத்துக்கு 275. நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதானே என்று அலட்சியம் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே வரை வந்து சேர்ந்தவர்களுக்குள் எழுத்துப் பரீட்சை வித்தியாசம் சொற்பம். ஆகவே தராசு சாய்வது இந்தச் சிறு பங்கினால்தான்.

இந்தப் பங்கு எவ்வளவு இருக்கலாம் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டே ஆராய்ந்திருக்கிறது. 1981-இல் அஜய் ஹாஸியா வழக்கு. ஸ்ரீநகர் எஞ்ஜினீயரிங் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்க எழுத்துக்கு 100, வாய்மொழிக்கு 50 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் விசாரித்து அனுப்பிவிட்டார்கள் என்பது முறையீடு. வாய்மொழிக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கொடுப்பது தகாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். இரண்டு நிமிஷத்தில் ஒரு மனிதனை நிறுத்துப் பார்ப்பது யாருக்குத்தான் ஸாத்தியம்? 1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 85 வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, தோன்றியபடி கேட்கும் பேட்டியைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் பேட்டியே வேலைத் திறமையைச் சரியாக அறிவிக்கிறது என்று கண்டார்கள். நல்ல ஸ்தாபனங்கள் இப்போது அப்படித்தான் செய்ய முயல்கின்றன. மற்றவை பழைய வழியிலேயே போகின்றன. நமது பிள்ளை இரண்டுக்கும் தயாராக இருக்கவேண்டியிருக்கிறது.

நம் ஜில்லாவில் வளர்ந்து, பேட்டியில் வெற்றி கண்ட ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். அவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். பிறந்தது உத்தமதானபுரமாயினும், இளமையில் அவர் தமிழ் கற்ற இடங்கள் நம்முடையவை. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். கையில் காசு இல்லாத குடும்பம். சங்கீத வித்துவானாகிய தகப்பனார் ஊர் ஊராகப் போகும்போது, பிள்ளையும் ஊருக்கு ஓர் ஆசிரியராகத் தேடிப் படித்தார். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய் நின்றபோது அவருக்கு வயது பதினாறு. பிள்ளையவர்கள் என்ன செய்தார்? என்னென்ன படித்திருக்கிறீர் என்று விசாரித்தார், பாடல் சொல்லச் சொன்னார், பொருள் கேட்டார். அவ்வளவுதான் பேட்டி. சிபாரிசு இல்லை, சர்ட்டிபிகேட் இல்லை. குன்னத்திலும் செங்கணத்திலும் சேர்த்துவைத்த சரக்கு அங்கே செலாவணியாயிற்று.

ஒன்பது வருஷம் கழித்து, 1880-இல், கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் சமயத்தில், தம் ஸ்தானத்துக்குச் சாமிநாதையரை அழைத்துப் போனார். செட்டியாரின் சிபாரிசு சாமானியமானதல்ல. இருந்தாலும் காலேஜ்காரர்கள் அதை மட்டும் நம்பிவிடவில்லை. பாடல்களைக் கொடுத்துப் பொருள் சொல்லச் செய்தார்கள். அங்கேயே ஒரு செய்யுள் இயற்றவும் சொன்னார்கள். சொன்னார், இயற்றினார், உத்தியோகம் கிடைத்தது. பின்னாளில் ஆனந்த விகடனில் எழுதிய தம் சரித்திரத்தில் இதையெல்லாம் ஐயர் விரிவாகவே வர்ணித்திருக்கிறார். பேட்டிக்குப் போகிறவர்கள் இன்று விற்கும் வழிகாட்டிப் புத்தகங்களை விட்டு அந்தப் பகுதியைப் படித்தால் அதிகப் பிரயோஜனம் உண்டு என்பேன்.

தெரிந்திருப்பது ஒன்று, எதிரே இருப்பவருக்குத் தெரியும்படி சொல்வது இன்னொன்று. இந்த இரண்டாவது வித்தைக்குக் கணித மேதை ராமாநுஜத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1910-ஆம் வருஷக் கடைசியில் அவர் நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனார். எப். ஏ. தேறாதவர், துணிமணி பார்வைக்கு நன்றாயில்லை, கக்கத்தில் ஒரு நைந்த நோட்டுப் புத்தகம். அதைத் திறந்து தம் கண்டுபிடிப்புகளை விளக்கினார். கலெக்டரோ கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர்தாம். ஆனாலும் இது உண்மையா வெறும் பிதற்றலா என்று அவரால் நிர்ணயிக்க முடியவில்லை. பிறகு வரச் சொன்னார். மறுபடி வந்த ராமாநுஜம், கலெக்டருக்கு எட்டாதது எது என்று இதற்குள் புரிந்துகொண்டிருந்தார். ஆகவே முதலில் சுலபமானவற்றைக் காட்டினார். அவை புத்தகங்களில் உள்ளவற்றையும் தாண்டியவை என்று கலெக்டருக்கு விளங்கியபின், ஒவ்வொரு படியாக மேலே அழைத்துச் சென்று, கடைசியில் தம் கடினமான சித்தாந்தத்தை வைத்தார். ராமச்சந்திர ராவ் மனம் மாறிப்போனார். மாதாமாதம் பண உதவி செய்தார். 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக ஆபீஸில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ராமாநுஜம் குமாஸ்தாவானார்.

நம் எஞ்ஜினீயரிங் பட்டதாரிகள் செய்வது இதற்கு நேர் எதிர். “நீர் செய்த பிராஜெக்ட் என்ன?” என்றால், எடுத்த எடுப்பில் பத்து ஆங்கிலச் சொற்களை அள்ளி வீசுகிறார்கள். ‘எங்கள் ஊர்க் கிணற்று மோட்டார் தண்ணீர் இல்லாதபோது வீணாக ஓடிக் காயில் எரிந்துபோவதைத் தடுக்க ஒரு கருவி செய்தேன்’ என்று ஆரம்பித்தால், கேட்பவர் தாமே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார். பிறகு எந்தச் சொல்லையும் வீசலாம்.

அடுத்தது, விண்ணப்பப் பாரம். பேட்டியின் பாதிக் கேள்விகள் அதிலிருந்துதான் பிறக்கின்றன என்பது பலருக்கு உறைப்பதில்லை. ‘பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல்’ என்று அழகாக எழுதிவிட்டு, “கடைசியாகப் படித்த புத்தகம் எது?” என்றதும் விழிக்கிறவர்கள் எத்தனையோ பேர். கபடி ஆடுகிறவன் கபடி என்றே எழுதட்டும். ஆட்டத்தில் எத்தனை பேர், போனஸ் கோடு எதற்கு என்று கேட்டால் அவனைவிட நன்றாக யார் சொல்லப் போகிறார்கள்? படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்தால் அதையும் மறைக்கவேண்டியதில்லை. தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை, கொல்லையைப் பார்த்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தேன் என்று உள்ளதைச் சொல்வதில் என்ன கௌரவக் குறைவு?

தனியார் ஆலைகளில் இப்போது இன்னொரு வகைக் கேள்வி பிரபலமாயிருக்கிறது. “ஒரு சிக்கலான நிலைமையை நீர் எப்படிச் சமாளித்தீர்? நடந்ததைச் சொல்லும்.” பட்டணத்துப் பிள்ளைகள் காலேஜ் விழாவை நடத்திய கதையைச் சொல்வார்கள். நம் பிள்ளைகள், எங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று மலைக்கிறார்கள். நடக்காமலா? பதினைந்து வயதில் வெங்காய மூட்டைகளோடு திருச்சி மண்டிக்குத் தனியே போய், தரகரிடம் பேசி, எடையில் தகராறு வந்து, கணக்குத் தீர்த்துப் பணத்தோடு வீடு வந்தவன் எங்கள் வகுப்பிலேயே இருந்தான். பால் சொசைட்டிக் கணக்கில் மூன்று மாதமாக இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெண் ஒருத்தி. பாட்டியின் முதியோர் பென்ஷன் நின்றுபோனபோது தாலுகா ஆபீஸுக்கு ஏழு தடவை நடந்தவன் ஒருவன். இவையெல்லாம் பேட்டியில் சொல்லத் தகாத, நாட்டுப்புறத்துச் சங்கதிகள் என்று யார் இவர்கள் தலையில் ஏற்றினார்களோ தெரியவில்லை. இப்படி நாலைந்து சம்பவங்களை நினைவுக்குக் கொண்டுவந்து, நிலைமை என்ன, நான் செய்தது என்ன, முடிவு என்னவாயிற்று என்று ஒவ்வொன்றையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லிப் பழகினால் போதும். ‘நாங்கள் செய்தோம்’ என்பது அடக்கந்தான். ஆனால் ‘நான் செய்தது இது’ என்று பிரித்துச் சொன்னால்தான் மதிப்பிடுகிறவருக்கு உதவும்.

இங்கிலீஷ் பயம் தனி வியாதி. யூ.பி.எஸ்.சி. சபையிலேயே தமிழில் பதில் சொல்ல இடம் இருக்கிறது. விண்ணப்பத்திலேயே தெரிவித்துவிட்டால், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இங்கிலீஷ் அவசியமான வேலைகளும் உண்டு, மறுக்கவில்லை. அங்கே சிறிய வாக்கியங்களாகப் பேசுகிறவன் தப்பிப்பான். நீண்ட வாக்கியத்தில் புகுந்தவன் வெளியே வர வழி தெரியாமல் தவிப்பான். கேள்வி புரியாவிட்டால், மறுபடி சொல்லும்படி கேட்பதில் குற்றமே இல்லை. விடை தெரியாவிட்டால், “தெரியாது, ஐயா” என்பது பூரணமான பதில்.

பெண்களிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. “கல்யாணம் எப்போது? ஆனபிறகு வேலையை விட்டுவிடுவீர்களா?” இதைப் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்பது முறையல்ல என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெண்கள் அந்த இடத்தில் கோபித்துக்கொண்டும் பயனில்லை, தலை குனிந்து சிரித்துவிடுவதிலும் பயனில்லை. “இந்த வேலையை நெடுங்காலம் செய்யும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன்” என்று நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும்படி நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு நாடகம் நடக்கிறது. ஒரு மேஜை, நாலு நாற்காலி. ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவரும், முன்பு விவசாய இலாகாவில் இருந்தவரும், ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த அம்மாளும் சபை அங்கத்தினர்கள். பையன் கதவைத் தட்டி உள்ளே வரவேண்டும். உட்காரச் சொன்னபின் உட்காரவேண்டும். போஸ்ட் மாஸ்டர் வேண்டுமென்றே முகத்தைச் சுளித்துக்கொள்வார். நர்ஸம்மாள் சிரித்த முகத்தோடு கடினமான கேள்வியாகப் போடுவாள். நடந்ததை ஒருவர் கைபேசியில் படம் பிடித்துப் பிறகு காட்டுவார். காலை ஆட்டுவதும், மேலே விட்டத்தைப் பார்த்து விடை தேடுவதும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ஆக்சுவலி’ போடுவதும் அதைப் பார்த்தால் மறுவாரமே பாதி குறைந்துவிடுகிறது. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எந்தக் கிராமத்திலும் செய்யலாம். பெரியவர்களை வீட்டுக்குப் போய் மரியாதையாக அழைத்தால் சந்தோஷமாக வருகிறார்கள். ஜில்லா வேலைவாய்ப்பு ஆபீஸிலுள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பரீட்சைகளுக்கு இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், அதையும் விடவேண்டாம்.

உடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுத்தமாகத் துவைத்து இஸ்திரி போட்ட பழைய சட்டை, கடன் வாங்கிய கோட்டைவிட மேல். கைபேசி வழியாகவே பேட்டி நடத்தும் கம்பெனிகள் 2020-க்குப் பிறகு பெருகிவிட்டன. அதற்கு முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலுக்கு எதிரே உட்காரவேண்டும். கொல்லைப்புறக் கோழியை வேறு பக்கம் துரத்திவிடவேண்டும்.

சென்னைக்கோ வேறெங்குமோ போவதானால் முதல் நாளே போய்விடுவது உத்தமம். அரியலூர்க்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. பெரம்பலூரில் ரயிலடி இல்லை. நெடுஞ்சாலைப் பஸ்ஸைத்தான் நம்பவேண்டும், அது விழுப்புரத்துக்கு அப்பால் எங்கே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. சர்ட்டிபிகேட்டுகளின் அசலும் நகலும் தனித்தனி உறையில், சாதிச் சான்று உள்பட, பாரத்தில் கேட்ட வரிசையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பேட்டிக்குக் கூப்பிட்டு, ‘பதிவுக் கட்டணம்’, ‘பயிற்சி டிபாஸிட்’ என்று முன்பணம் கேட்கிற கம்பெனி எதுவானாலும் அங்கே உத்தியோகம் கிடையாது. வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பானே தவிர, வாங்கமாட்டான். நியமன உத்தரவு என்று முத்திரையோடு காகிதம் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீஸுக்கே நேராக எழுதியோ போன் செய்தோ விசாரிக்கவேண்டும். காகிதத்தில் அச்சிட்டிருக்கும் நம்பருக்குச் செய்தால் அதே ஆசாமிதான் எடுப்பான். ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல், அன்றைக்கே 1930 என்ற எண்ணில் தெரிவிக்கவேண்டும். தாமதிக்க ஆக, பணம் கை மாறிக்கொண்டே போகும்.